'27 சதவீதம் குறைக்கிறது' என்று மருந்து கம்பெனி அறிவித்தால், அதை எப்படிப் படிப்பது?

கேள்வி: தென்றல்வாசி

அப்பாவுக்கு அல்சைமர். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். சட்டைப் பித்தானைப் போடும்போது பாதியில் நின்றுவிடுகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் அடிக்கடி மருந்துச் செய்திகளைப் போடுவார். இந்த முறை போட்டது லெக்கானெமாப் என்ற அல்சைமர் மருந்தைப் பற்றிய ஒரு பழைய செய்தி. 'நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைக்கிறது' என்று தலைப்பு. கீழே கம்பெனியின் பெரிய அதிகாரி பெருமைப்பட்டுச் சொன்ன இரண்டு வரி. அவ்வளவுதான்.

அண்ணன் உடனே டாக்டரிடம் கேட்போம் என்கிறார். அக்காவோ, கம்பெனிக்காரன் சொல்வதெல்லாம் வியாபாரம், அந்தப் பக்கமே போகாதே என்கிறாள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. நான் கணக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் சதவீதம் என்று ஒன்றைப் பார்த்தால், எதில் 27 சதவீதம் என்று கேட்கத் தோன்றுகிறது. செய்தியில் அதற்குப் பதில் இல்லை.

ஆய்வு முடிவை இந்தக் கம்பெனிகள் வெளியே சொல்லும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? யார் எழுதுகிறார்கள்? யாருக்காக எழுதுகிறார்கள்? அந்தத் துறையில் இருந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள். நம்பு, நம்பாதே என்ற அறிவுரை வேண்டாம். வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

பதில்: அடிக்குறிப்பு

நான் அந்தத் துறையில் இருந்தவன்தான். மருந்து கம்பெனிகளுக்கு ஆவணங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பல வருடம் மெடிக்கல் ரைட்டராக வேலை பார்த்தேன். ஆய்வறிக்கை, மாநாட்டுச் சுருக்கம், செய்திக்குறிப்பு எல்லாம் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. லெக்கானெமாப் நான் தொட்ட மருந்து இல்லை, அதனால் பொதுவில் இருப்பதை வைத்தே பேசுகிறேன்.

முதலில் உங்கள் 27. எய்சாய், பயோஜென் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து நடத்திய மூன்றாம் கட்டச் சோதனை, அதாவது அனுமதி கேட்கும் முன் நடத்தும் பெரிய சோதனை அது. நோயின் ஆரம்ப நிலையில் இருந்த 1,795 பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து டிரிப்ஸ், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் டிரிப்ஸ். 18 மாதம் கழித்து ஒரு மதிப்பெண் அட்டவணையில் இரண்டு குழுவையும் ஒப்பிட்டார்கள். ஞாபகம், இடம் காலம் பற்றிய தெளிவு, முடிவெடுப்பது, வெளி வேலைகள், வீட்டு வேலைகள், தன்னைப் பார்த்துக்கொள்வது என்று ஆறு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. மதிப்பெண் ஏறினால் நிலைமை மோசம் என்று பொருள்.

வெறும் டிரிப்ஸ் குழுவில் சராசரியாக 1.66 ஏறியது. மருந்துக் குழுவில் 1.21 ஏறியது. வித்தியாசம் 0.45. அந்த 0.45-ஐ 1.66-ஆல் வகுத்தால் வருவதுதான் 27 சதவீதம். ஆக, சராசரியாகப் பார்த்தால் இரண்டு குழுவுமே சரிந்தன. மருந்துக் குழு கொஞ்சம் மெதுவாகச் சரிந்தது. அந்த அட்டவணையில் ஒரு விஷயத்தில் போடக்கூடிய மிகச் சிறிய மாற்றமே 0.5 என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வித்தியாசம் அதைவிடச் சிறியது.

இது பயனுள்ள வித்தியாசமா? குறைந்தது 1 புள்ளியாவது இருந்தால்தான் குடும்பத்தார் கண்ணுக்குத் தெரியும் என்று வாதிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப நிலையில் சில மாதம் கூடுதலாகக் கிடைப்பதே பெரிது என்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. ஐரோப்பிய மருந்து முகமையின் குழு 2024 ஜூலையில் வேண்டாம் என்றது, பிறகு அதே வருடம் நவம்பரில் ஏப்போ-ஈ4 என்ற மரபணு வகை இரண்டு பிரதி இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று மாற்றிச் சொன்னது. எல்லாம் அடிப்படையில் அதே ஒரு பெரிய சோதனையை வைத்துத்தான்.

இங்கே கம்பெனிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த அந்த அறிவிப்பிலேயே 0.45 என்ற எண் இருந்தது. முக்கியப் பக்க விளைவான மூளை வீக்கம் எத்தனை பேருக்கு வந்தது என்பதும் இருந்தது. ஒளிக்கவில்லை. ஆனால் 27-ம் 0.45-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஊடகம் எதை எடுக்கும் என்று எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, யார் எழுதுகிறார்கள்? நான் பார்த்த முறை இது. புள்ளியியல் குழுவிடமிருந்து அட்டவணைகள் வரும். எங்களில் ஒருவர் முதல் வரைவு போடுவார். அந்தக் கோப்பு சுற்றுக்குப் போகும். மருத்துவப் பிரிவு, சட்டப் பிரிவு, மக்கள் தொடர்பு, அப்புறம் முதலீட்டாளர் தொடர்பு. திரும்பி வரும்போது ஓரம் முழுக்கக் குறிப்புகள் இருக்கும், ஒவ்வொரு பிரிவும் ஒரு நிறம். மருத்துவப் பிரிவு எண்களைச் சரி பார்க்கும். சட்டப் பிரிவு 'நிரூபித்தது' என்பதை 'காட்டியது' என்று இறக்கும். முதலீட்டாளர் தொடர்பு தலைப்பைத் தொடும். பக்க விளைவுப் பத்தி வரைவுக்கு வரைவு கீழே இறங்கும். அதை இறக்கு என்று யாரும் எழுத்தில் சொல்ல மாட்டார்கள். மேலே ஒரு புதுப் பத்தி சேரும், அதன் மேல் இன்னொன்று சேரும், இது தானாகக் கீழே போய்விடும். பெரிய அதிகாரி பெருமைப்பட்டுச் சொன்னதாக வருகிற இரண்டு வரி இருக்கிறதே, அது பெரும்பாலும் வரைவு எழுதுபவர் எழுதியதுதான். அதிகாரி ஒப்புதல் கொடுப்பார்.

யாருக்காக என்றால், உங்கள் அப்பாவுக்காக இல்லை. பெரிய மருந்து கம்பெனிகள் பங்குச் சந்தையில் இருப்பவை. ஒரு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு பங்கு விலையைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும். அப்படிப்பட்ட தகவலைச் சிலருக்கு மட்டும் தெரியவிட்டு வைத்திருக்க முடியாது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். அதனால் முடிவு கைக்கு வந்த வேகத்தில் 'டாப்லைன்' என்ற பெயரில் முக்கியமான சில எண்கள் மட்டும் வெளியே வரும். முழு விவரம் மாநாட்டுக்கும் மருத்துவ இதழுக்கும் ஒதுக்கி வைக்கப்படும். லெக்கானெமாபுக்கு அந்த இடைவெளி இரண்டு மாதம். செப்டம்பர் கடைசியில் அறிவிப்பு, நவம்பர் 29-ல்தான் கட்டுரை. இந்த இரண்டு மாதத்தில்தான் உலகத்துச் செய்திகளெல்லாம் எழுதப்பட்டுவிடுகின்றன. கட்டுரை வரும்போது படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்.

படிக்கும் முறை கேட்டீர்கள். நான் கடைசிப் பத்தியிலிருந்து மேலே போவேன். அங்கே 'எதிர்காலம் குறித்த கூற்றுகள்' என்று ஒரு நீளமான சட்டப் பத்தி இருக்கும். இந்த முடிவு மறுபடி வராமல் போகலாம், அனுமதி கிடைக்காமல் போகலாம், எதிர்பாராத பாதுகாப்புப் பிரச்சினை வரலாம் என்று வரிசையாக ஒப்புக்கொண்டிருப்பார்கள். முதலீட்டாளர் வழக்குப் போடக் கூடாது என்பதற்காக எழுதுவது. ஆவணத்திலேயே மிக நேர்மையான பத்தி அதுதான் என்பேன். அப்புறம் பக்க விளைவுப் பத்தி. அதற்கப்புறம்தான் தலைப்பு.

பக்க விளைவைப் படிக்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். பலனை ஒப்பீட்டுச் சதவீதத்தில் (மற்றக் குழுவோடு ஒப்பிட்டு) சொல்வார்கள், பாதிப்பை நேர்ச் சதவீதத்தில் (நூற்றில் எத்தனை பேருக்கு என்று) சொல்வார்கள். லெக்கானெமாப் கட்டுரையில் மூளை வீக்கம் மருந்துக் குழுவில் 12.6 சதவீதம், மற்றதில் 1.7 சதவீதம். 27 சதவீதம் என்று பலனைச் சொன்ன அதே முறையில் இதைச் சொன்னால் 'ஏழு மடங்கு அதிகம்' என்றல்லவா வர வேண்டும்? அப்படி ஒரு தலைப்பை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

இது புதுசும் இல்லை. லிப்பிட்டார் என்ற கொழுப்பு மாத்திரையின் விளம்பரத்தில் மாரடைப்பு ஆபத்து 36 சதவீதம் குறைகிறது என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்திருந்தார்கள். குறி போய்ச் சேர்ந்த சின்ன எழுத்தில் இருந்தது, மாத்திரை எடுக்காதவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கு என்று. இரண்டும் உண்மை. ஒன்று விற்கும், மற்றது யோசிக்க வைக்கும்.

பதில்: எலிக்கூண்டு

அடிக்குறிப்பு சார் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எல்லாப் பாவத்தையும் கம்பெனி தலையில் ஏற்றுவது சரியல்ல. நான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருப்பவன். எங்கள் பக்கத்துச் செய்திக்குறிப்புகள் யோக்கியமா? பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்கள் 2011-ல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 40 சதவீதத்தில் அறிவுரை மிகைப்படுத்தப்பட்டிருந்தது. 36 சதவீதத்தில் விலங்குகளில் பார்த்ததை மனிதருக்கு நீட்டியிருந்தார்கள். செய்திக்குறிப்பில் மிகை இருந்தால் பத்திரிகையிலும் மிகை இருந்தது. இங்கே பங்கு விலை இல்லை. ஆனால் ஆராய்ச்சி மானியம் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது.

இன்னொன்று. கோவிட் தடுப்பூசி நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2020 நவம்பர் 9-ல் ஃபைசர் '90 சதவீதத்துக்கு மேல்' என்று அறிவித்தது. அன்றைக்கு 94 பேருக்கு நோய் வந்திருந்தது என்று மட்டும் சொன்னார்கள், எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ஒன்பது நாளில் அடுத்த அறிவிப்பு வந்தது: மொத்தம் 170 பேர், ஊசி போடாத பக்கம் 162, போட்ட பக்கம் 8. மூன்று வாரத்தில் முழுக் கட்டுரையே வந்துவிட்டது. அறிவிப்பும் கட்டுரையும் ஒத்துப்போயின. கட்டுரை வரும் வரை வாயைத் திறக்காதே என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியுமா? மறைத்தாலும் திட்டுவோம், சொன்னாலும் திட்டுவோம் என்றால் எப்படி?

அவசரத்தில் சொதப்பியதும் அதே காலத்தில்தான் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அஸ்ட்ராஜெனெகா 2021 மார்ச் 22-ல் அமெரிக்கச் சோதனையில் 79 சதவீதம் என்றது. மறுநாளே, பழைய தரவு கலந்திருக்கலாம் என்று சோதனையின் கண்காணிப்புக் குழு கவலை தெரிவித்திருப்பதாக அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் வெளிப்படையாக அறிக்கை விட்டது. அதே வாரத்தில் 76 சதவீதம் என்று திருத்திச் சொன்னார்கள். மூன்று புள்ளி வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஊசியின் மேல் அதன் பிறகு எத்தனை பேருக்கு நம்பிக்கை திரும்பியது என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: அடிக்குறிப்பு

எலிக்கூண்டு, பல்கலைக்கழகம் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஃபைசர் உதாரணமும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அங்கே பலன் அவ்வளவு பெரிதாக இருந்தது, எப்படி எழுதினாலும் கெடுக்க முடியாது. எழுத்தின் கைவரிசை தெரிவது பலன் சிறியதாகவோ, இல்லாமலோ இருக்கும்போதுதான்.

2002 ஆகஸ்டில் இன்டர்மியூன் என்ற கம்பெனி ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. நுரையீரல் இறுகிப்போகும் நோய்க்கு ஆக்டிமியூன் என்ற மருந்து. 330 பேரிடம் சோதனை. முன்கூட்டியே குறித்து வைத்த முதன்மை இலக்கு, அதாவது மருந்து எதில் ஜெயிக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்த அளவு, தவறிப்போனது. உடனே தரவை உட்கார்ந்து வெட்டிப் பார்த்தார்கள். நோய் லேசாகவும் நடுத்தரமாகவும் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் மரணம் 70 சதவீதம் குறைவு என்று ஒரு மூலையில் கிடைத்தது. தலைப்பு, மருந்து உயிர்பிழைப்பை நீட்டுகிறது என்று போனது. வழக்கு வந்தபோது அரசுத் தரப்பு எந்த எண்ணையும் பொய் என்று சொல்லவில்லை. எண்ணெல்லாம் சரி, அதிலிருந்து எடுத்த முடிவு மோசடி என்பதுதான் வாதம். 2009-ல் கம்பெனியின் முன்னாள் தலைமை அதிகாரியைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. இதற்கிடையில் அந்த லேசான, நடுத்தர நோயாளிகளையே சேர்த்து இன்னொரு பெரிய சோதனை நடத்தினார்கள். பலன் எதுவும் இல்லை என்று 2007-ல் நிறுத்தினார்கள்.

எனவே தென்றல்வாசி, பொய் சொல்கிறார்களா என்ற கேள்வி உங்களுக்கு அதிகம் உதவாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு எண்ணைக்கூட யாரும் மாற்றச் சொன்னதில்லை. எது மேலே, எது கீழே, எதற்கு எதை ஒப்பிடுவது, எப்போது சொல்வது என்பதில்தான் எல்லா வேலையும் நடக்கும்.

ஒப்பிடுவது என்றதும் வயாக்ஸ் ஞாபகம் வருகிறது. வலி மாத்திரை. மெர்க் கம்பெனியுடையது. நாப்ராக்சென் என்ற பழைய மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். வயாக்ஸ் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது. வயாக்ஸ் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று படிக்கலாம். நாப்ராக்சென் மாரடைப்பைக் குறைக்கிறது, வயாக்ஸ் சாதாரணம் என்றும் படிக்கலாம். கம்பெனி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. 2001 மே மாதம் வயாக்ஸின் இதயப் பாதுகாப்பு சாதகமாக இருக்கிறது என்று செய்திக்குறிப்பே விட்டது. அதே செப்டம்பரில் எஃப்.டி.ஏ. அந்தக் குறிப்பைச் சுட்டி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2004 செப்டம்பர் 30-ல் மருந்தைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். நடுவில் எத்தனை கோடி மாத்திரை போயிருக்கும், விடுங்கள்.

எப்போது சொல்வது என்பதற்கு மோல்னுபிராவிர். அதுவும் மெர்க்தான், ரிட்ஜ்பேக் என்ற கம்பெனியோடு சேர்ந்து. 2021 அக்டோபர் 1-ல் கோவிட் மாத்திரை மருத்துவமனைச் சேர்க்கையையும் மரணத்தையும் சுமார் பாதியாகக் குறைக்கிறது என்று அறிவித்தார்கள்: 14.1 சதவீதத்திலிருந்து 7.3. அது இடைக்காலக் கணக்கு. நவம்பர் 26-ல் முழுக் கணக்கு வந்தது: 9.7-லிருந்து 6.8. பாதி என்பது 30 சதவீதமாகிவிட்டது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இடையில் எண் அழகாக இருக்கும்போது நிறுத்தி எண்ணினால், முடிவில் வருவதைவிடப் பெரிதாகத்தான் பெரும்பாலும் தெரியும். ஆனால் 'பாதி' என்பது போன தூரத்துக்கு '30 சதவீதம்' போகவில்லை.

நீங்கள் படிக்க வேண்டியது எது என்றும் சொல்கிறேன். ஐரோப்பாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, அங்கே அனுமதி வாங்கி நடத்தும் சோதனைகளுக்குப் பொதுமக்களுக்கான எளிய சுருக்கம் ஒன்றை வெளியிட வேண்டும். பொதுவாகச் சோதனை முடிந்து ஒரு வருடத்துக்குள். அதையும் நான் எழுதியிருக்கிறேன். அந்த வேலையின் சுவையே வேறு. விளம்பர வாடை இருக்கக் கூடாது. பக்க விளைவை '100 பேரில் 13 பேருக்கு' என்ற மாதிரிதான் எழுதுவோம். அதிகாரியின் பெருமை வரிக்கு அதில் இடமே கிடையாது. முதலீட்டாளர் தொடர்புக்காரர் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அதனால்தானோ என்னவோ நன்றாக வரும். சோகம் என்னவென்றால், அது வரும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். யாரும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

பதில்: இரவு ஷிஃப்ட்

நரம்பியல் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். செய்தியில் வராத விஷயம் இன்னொன்று இருக்கிறது: யாரிடம் சோதித்தார்கள் என்பது.

தென்றல்வாசி, லெக்கானெமாப் சோதனையில் சேர்த்தது ஆரம்ப நிலையில் இருப்பவர்களை மட்டும்தான். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறது என்று ஸ்கேனிலோ முதுகுத் தண்டு நீரிலோ உறுதி செய்த பிறகுதான் எடுத்தார்கள். பித்தான் போடும்போது அப்பா நின்றுவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தன்னைப் பார்த்துக்கொள்வதிலேயே தடங்கல் வந்துவிட்டது என்றால், அவர் அந்தச் சோதனையில் இருந்தவர்களைப் போன்றவர்தானா என்பதை டாக்டரிடம் முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அந்த 27 அவருக்குச் சொன்ன எண்ணே இல்லை. நான் முடிவு சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லவும் கூடாது.

அடுத்தது மரபணு. ஏப்போ-ஈ4 என்ற வகை. ஒருவருக்கு அது இரண்டு பிரதி இருந்தால், அந்தச் சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 32.6 சதவீதம் பேருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. ஒரு பிரதி இருந்தவர்களில் 10.9 சதவீதம். இல்லாதவர்களில் 5.4 சதவீதம். மேலே சொன்ன 12.6 என்பது இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பிசைந்த சராசரி. பலருக்கு அறிகுறி எதுவும் இருக்காது, ஸ்கேனில் மட்டும் தெரியும். சிலருக்குத் தலைவலி, குழப்பம், அரிதாக வலிப்பு வரை போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் மூளைக்குள் ரத்தக்கசிவு பற்றிய கவலை தனி.

வேலை பற்றியும் யாரும் சொல்வதில்லை. டிரிப்ஸ் ஏற்ற இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாற்காலியில் உட்கார வேண்டும். தொடங்கும் முன் எம்.ஆர்.ஐ., தொடங்கிய சில மாதங்களுக்குள் மறுபடி மறுபடி எம்.ஆர்.ஐ. மறதி உள்ள ஒருவரை அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்க வைப்பது என்ன பாடு என்று எங்களைக் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் மகளும் வர வேண்டும், அவளும் லீவு போட வேண்டும். இதெல்லாம் எந்தச் சதவீதத்திலும் வராது.

தென்றல்வாசி

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்கும் அண்ணனுக்கும் இந்தத் திரியை அனுப்பிவிட்டேன். சண்டை இப்போது வேறு தலைப்புக்கு மாறியிருக்கிறது, அதுவே முன்னேற்றம். அப்பாவின் நிலை பற்றியும் மரபணுச் சோதனை பற்றியும் டாக்டரிடம் கேட்கக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். முன்கூட்டியே குறித்து வைத்த இலக்கு என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தார். அது எங்கே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது? என்னைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா?

பதில்: பின்னக்கணக்கு

புள்ளியியல் என் பிழைப்பு, இதை நான் சொல்கிறேன். பார்க்க முடியும், காசு வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

சோதனை தொடங்கும் முன்பே அதைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று பெரிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2004-ல் சேர்ந்து முடிவெடுத்தார்கள். பதியாவிட்டால் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்றார்கள். அமெரிக்காவின் கிளினிக்கல் ட்ரயல்ஸ் என்ற அரசுப் பதிவேடு மிகப் பெரியது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் வேறு பல நாடுகளுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. செய்திக்குறிப்பிலோ கட்டுரையிலோ என்.சி.டி. என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அதைத் தேடினால் அந்தச் சோதனையின் பக்கம் வரும். அதில் முதன்மை இலக்கு என்ன, எத்தனை பேர், எத்தனை மாதம் என்று இருக்கும். செய்தியில் சொல்லும் இலக்கும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். அமெரிக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு சேமித்து வைக்கப்பட்டிருக்கும். சோதனை முடியும் நேரத்தில் இலக்கு மாறியிருந்தால் காது குத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நியாயமான காரணமும் சில நேரம் இருக்கும். ஆனால் அந்தக் காரணத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் இந்தப் பதிவேடு தேவைப்பட்டது என்றால், மன அழுத்த மருந்துகளின் கதையைப் பார்த்தாலே போதும். பராக்செடின் என்ற மருந்தைப் பதின்பருவத்தினர் 275 பேரிடம் சோதித்தார்கள். 329-ம் ஆய்வு என்று பெயர். முதலில் குறித்த இலக்குகளில் மருந்து ஜெயிக்கவில்லை. 2001-ல் வந்த கட்டுரையோ வேறு அளவுகளைக் காட்டி, மருந்து பலன் தருகிறது, பெரும்பாலும் பாதுகாப்பானது என்றது. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் அதே மூலத் தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு பி.எம்.ஜே.-யில் வெளியிட்டார்கள். பலனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

வெளியே வராமலே போனவையும் உண்டு. 12 மன அழுத்த மருந்துகளுக்காக எஃப்.டி.ஏ.-விடம் பதிவான 74 ஆய்வுகளை ஒரு குழு எடுத்துப் பார்த்து 2008-ல் எழுதியது. மருந்துக்குச் சாதகமானவை 38. அதில் 37 இதழ்களில் வந்துவிட்டன. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவை போல வேஷம் போட்டு வந்தன. உள்ளபடியே வந்தவை 3. இதழ்களை மட்டும் படிக்கும் டாக்டருக்கு 94 சதவீதம் வெற்றி என்று தெரியும். எஃப்.டி.ஏ.-வின் அலமாரியில் இருந்தது 51 சதவீதம்.

ஆகவே ஒரு மருந்தைத் தேடும்போது அந்த ஒரு எண்ணோடு நிறுத்தாதீர்கள். மருந்தின் பெயரையே பதிவேட்டில் போட்டுத் தேடுங்கள். 'முடிந்தது' என்று இருந்தும் பல வருடமாக முடிவு ஏற்றப்படாத சோதனை ஏதாவது இருந்தால் அதன் எண்ணை இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.